ஐம்பது சிசியில் தொடங்கு

ஸ்ரீபெரும்புதூர்

அன்பு மருமகன் பாண்டிக்கு,

"பைக் ரேஸையே வேலையா வச்சுக்க முடியுமா மாமா? மார்க்கெஸ் மாதிரி?" என்று போனில் கேட்டாய். முடியும், முடியாது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நீ படித்து முடித்ததும் உன் அம்மாவிடம், அதாவது என் அக்காவிடம் கொடு. அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது இதில் எதுவும் இல்லை.

பந்தயத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிழைப்பு எங்கே தொடங்குகிறது, யார் யார் சேர்ந்து அதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள், உடம்பிலிருந்து அது எவ்வளவு பிடுங்கிக்கொள்ளும் என்பதெல்லாம் உன் செல்போனில் ஓடும் இரண்டு நிமிட வீடியோவில் வராது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எப்போது பார்த்தாலும் ஸ்பெயின்காரர்களே ஜெயிக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டாய். நியாயமான ஆச்சரியம். 2012 முதல் 2020 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து, உலக பைக் பந்தயத்தின் உச்சப் பிரிவான மோட்டோஜிபி பட்டம் அந்த நாட்டுக்கே போனது. லொரென்சோ, மார்க்கெஸ், ஜோவான் மீர் என்று மூன்றே பேர் அதைக் கைமாற்றிக்கொண்டார்கள். 2024இல் ஹோர்ஹே மார்ட்டின், 2025இல் மறுபடி மார்க்கெஸ். அவர்கள் ரத்தத்திலேயே வேகம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்த நாட்டுக்காரர் ஒருவர் பெரிய வண்டிகளின் பிரிவான 500 சிசியில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியதே 1999இல்தான். அவர் பெயர் அலெக்ஸ் கிரிவில்லே. அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1969இல், ஆங்கெல் நியெத்தோ என்பவர் 50 சிசியில் உலகப் பட்டம் வாங்கிவிட்டார். இடைப்பட்ட முப்பது வருஷமும் ஸ்பெயின் வாங்கிய பட்டமெல்லாம் அதைவிடச் சின்ன வண்டிகளில்.

நியெத்தோவின் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1947இல் ஸமோரா என்ற ஊரில் பிறந்து, மாட்ரிட் நகரத்தின் ஓரத்தில் வய்யேகாஸ் என்ற உழைப்பாளிகள் பேட்டையில் வளர்ந்தவர். சின்ன வயதிலேயே வண்டிப் பட்டறையில் கையில் கிரீஸோடு நின்றவர். பிறகு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் இருந்த பார்சிலோனாவுக்கு வேலை தேடிப் போனார். அப்போது ஸ்பெயினில் கார் வாங்க வசதியுள்ள குடும்பங்கள் குறைவு. வெளிநாட்டு வண்டிகள் உள்ளே வரவும் ஏகப்பட்ட தடைகள். டெர்பி, புல்தாகோ, மொந்தேசா என்று உள்ளூர்க் கம்பெனிகள் செய்த சிறிய வண்டிகள்தான் தெருவெல்லாம் ஓடின. 1969இல் உலகப் பந்தய அமைப்பு ஒரு விதி கொண்டுவந்தது: 50 சிசி வண்டிக்கு ஒரே சிலிண்டர், ஆறு கியருக்கு மேல் கூடாது. அதற்கு முன் ஜப்பான்காரர்கள் பதினான்கு கியர் வைத்தெல்லாம் வண்டி செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் விலகினார்கள். எளிமையான இன்ஜினில் கைதேர்ந்த டெர்பி முன்னால் வந்தது, அதன் மேல் நியெத்தோ உட்கார்ந்திருந்தார். 1984க்குள் 50 சிசியிலும் 125 சிசியிலுமாக மொத்தம் 13 உலகப் பட்டங்கள், ஓய்வு பெறுவதற்குள் 90 வெற்றிகள். பதின்மூன்று ராசியில்லாத எண் என்று நம்பியவர், கடைசி வரை '12+1' என்றே சொல்லிவந்தார். 2017இல் இறந்தார். மறு ஆண்டே ஹெரெஸ் பந்தயத் தளத்துக்கு அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

ஏழைகள் ஓட்டும் வண்டியிலிருந்து ஒரு நாட்டின் பந்தயக் கலையே எழுந்து வந்தது, பாண்டி. இதைப் படிக்கும்போது உனக்கு நம் வீட்டு வாசல் ஞாபகம் வர வேண்டும். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொழில் தொடங்கியது நம் மதுரையில். அந்தக் குடும்பத்து நிறுவனம் 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 என்ற வண்டியைக் கொண்டுவந்தது, இருவர் உட்காரக்கூடிய மொபெட். உன் தாத்தா காலத்தில் நம் ஆனையூரில் பால்கேன், புல்லுக்கட்டு, தண்ணீர்க் குடம், முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை என்று அத்தனையும் ஏறிப் போனது அந்த ஐம்பது சிசியில்தான். இரண்டே வருஷத்தில், 1982இல், அதே நிறுவனம் பந்தய அணியும் தொடங்கிவிட்டது. ஸ்பெயினில் இருந்த விதை நம்மிடமும் இருந்தது என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். அங்கே அந்த விதைக்கு ஊருக்கு ஊர் பாத்தி கட்டினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான மினிபைக் தளங்கள், மாகாணப் போட்டிகள், பிறகு தேசியப் போட்டி, அதற்கு மேல் உலகப் போட்டி. ஹெரெஸ், பார்சிலோனா, வலென்சியா, அரகோன் என்று ஒரே நாட்டில் நான்கு பெரிய தளங்கள் இருக்கின்றன. மதுரையிலிருந்து கிளம்பும் பையனுக்கு அருகில் உள்ள தளம் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில். அடுத்தது நான் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில். தென் மாவட்டப் பிள்ளைகளுக்கு இது பெரிய குறை. அரசும் தனியாரும் நினைத்தால் தீர்க்கக்கூடிய குறைதான்.

இனி உன் மார்க்கெஸுக்கு வருகிறேன்.

1993இல் கத்தலோனியாவில் செர்வேரா என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா மண்வெட்டும் இயந்திரம் ஓட்டியவர், அம்மா அலுவலக வேலைக்குப் போனவர். நான்கு வயதில் முதல் குட்டி வண்டி. முதலில் மண்ணில் ஓட்டினார், பிறகுதான் தார்ப்பாதை. 2008இல் பதினைந்து வயதில் 125 சிசி உலகப் போட்டிக்கு வந்தபோது உடம்பு அவ்வளவு சிறியது. ஆளும் வண்டியும் சேர்ந்து இருக்க வேண்டிய குறைந்தபட்ச எடையைத் தொட, வண்டியில் கூடுதல் பாரம் ஏற்ற வேண்டியிருந்தது. ஒல்லியாக இருக்கிறேன், ஜிம்முக்குப் போகட்டுமா என்று கேட்டாயே, அதற்கு இதுவே பதில்.

அவரைச் சிறு வயதிலேயே கண்டெடுத்து வளர்த்தவர் எமிலியோ அல்சாமோரா. இவரைப் பற்றி உன் நண்பர்கள் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். 1999இல் 125 சிசி உலகப் பட்டம் வாங்கியவர். அந்த ஆண்டில் ஒரு பந்தயத்தில்கூட அவர் முதலாவதாக வரவில்லை. முதல் இடத்துக்கு 25 புள்ளி, இரண்டாவதுக்கு 20, மூன்றாவதுக்கு 16 என்று இறங்கி, பதினைந்தாவது ஆளுக்கு ஒரு புள்ளி. நிதானமாக, பந்தயத்துக்குப் பந்தயம் அந்தப் புள்ளிகளைச் சேர்த்தே சாம்பியன் ஆனார். 1989இல் மானுவேல் ஹெர்ரெரோஸ் என்ற இன்னொரு ஸ்பெயின்காரரும் 80 சிசியில் இதையே செய்திருக்கிறார். கண்மண் தெரியாமல் ஓட்டும் இயல்புள்ள பையனுக்கு இப்படிப்பட்ட ஒருவர் குருவாக வாய்த்ததைப் பெரிய பாக்கியம் என்பேன். மார்க்கெஸின் திறமையைப் பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். பக்கத்தில் நின்ற இந்த மனிதரைப் பற்றி எழுதுவோர் குறைவு.

2010இல் போர்ச்சுகல் நாட்டின் எஸ்தோரில் தளத்தில் நடந்ததைக் கேள். பட்டம் முடிவாக இன்னும் இரண்டே பந்தயங்கள். மழையால் பந்தயத்தை நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். தொடங்குமிடத்துக்கு வரும் சுற்றிலேயே மார்க்கெஸ் விழுந்துவிட்டார். வண்டியை இழுத்துக்கொண்டு வந்து, மெக்கானிக்குகள் அவசர அவசரமாகச் சரிசெய்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார். அந்தப் பந்தயத்தில் ஜெயித்தார், அந்த ஆண்டின் பட்டத்தையும் வாங்கினார். நீ அதில் ஓட்டியவரைப் பார்ப்பாய். சில நிமிடங்களில் வளைந்த பாகத்தைக் கழற்றி மாட்டிய கைகளையும் பார்.

பிறகு 2012இல் மோட்டோ2 பட்டம். 2013இல் மோட்டோஜிபிக்கு வந்த முதல் ஆண்டே, இருபது வயதில், உலக சாம்பியன். 2014இல் முதல் பத்து பந்தயங்களையும் வரிசையாக ஜெயித்தார். 2019க்குள் மோட்டோஜிபியில் மட்டும் ஆறு பட்டங்கள். இதெல்லாம் உனக்கு மனப்பாடம்.

2020 ஜூலை 19க்குப் பிறகு நடந்ததை நிதானமாகப் படி. ஹெரெஸில் விழுந்து வலது மேல்கை எலும்பு முறிந்தது. இரண்டு நாளில் அறுவை சிகிச்சை, உலோகத் தகடு வைத்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் மறுபடி வண்டியில் ஏறிப் பயிற்சிக்கு வந்தார். உலகமே கைதட்டியது. தகடு தாங்கவில்லை. ஆகஸ்டில் இரண்டாவது அறுவை. எலும்பு கூடவில்லை, உள்ளே கிருமித் தொற்று, டிசம்பரில் மூன்றாவது அறுவை. 2021இல் திரும்பி வந்து ஜெர்மனியின் சாக்சன்ரிங்கில் ஜெயித்தபோதுகூட அந்தக் கை பழைய கை இல்லை. எலும்பு கோணலாகத் திரும்பிக் கூடியிருந்தது. 2022 ஜூனில் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் நான்காவது அறுவை. எலும்பை அறுத்து, முப்பது பாகைக்கு மேல் திருப்பி, மறுபடி பொருத்தினார்கள். நடுவில் தலையில் அடிபட்டுக் கண்ணில் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும் நோயும் வந்தது. 2011இலேயே அவருக்கு வந்த நோய்தான் அது, மறுபடி இரண்டு முறை தாக்கியது.

அவசரப்பட்டு ஏறிய அந்த ஒரு வாரத்துக்கு வருஷக்கணக்கில் விலை கொடுத்தார். வலியைத் தாங்குவது இந்தத் தொழிலில் வேண்டிய குணம்தான். வலி சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருப்பது அதைவிடக் கடினம். உலகத்தின் மிகச் சிறந்த வீரருக்கே அது எளிதில் வரவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு அவர் மேல் மதிப்பை உயர்த்தியது. பதினோரு ஆண்டுகள் ஓட்டிய ஹோண்டா அணியை, ஒப்பந்தம் ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போதே விட்டு விலகினார். 2024இல் கிரெசினி என்ற தனியார் அணியில், முந்தைய ஆண்டு மாடல் டுகாட்டி வண்டியில் ஏறினார். அந்த அணியில் தொழிற்சாலை அணியின் வசதிகள் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அரகோனில் ஜெயித்தார். அதற்கு முந்தைய வெற்றிக்குப் பிறகு 1,043 நாட்கள் ஓடியிருந்தன. 2025இல் டுகாட்டியின் தொழிற்சாலை அணி. செப்டம்பர் 28 அன்று ஜப்பானின் மொடெகியில், ஐந்து சுற்றுப் போட்டிகள் மீதமிருக்கும்போதே, ஏழாவது மோட்டோஜிபி பட்டம் உறுதியானது. எல்லாப் பிரிவையும் சேர்த்தால் ஒன்பதாவது. நீ எனக்கு அனுப்பிய வீடியோ அந்த நாளுடையது. அடுத்த வாரமே இந்தோனேசியாவில் இன்னொருவரின் வண்டி மோதி விழுந்து, தோள் பக்கத்து எலும்பு முறிந்தது. அந்த வீடியோவை நீ அனுப்பவில்லை.

ஸ்பெயின் போதும். இப்போது நான் கண்ணால் பார்ப்பதை எழுதுகிறேன்.

இருங்காட்டுக்கோட்டைத் தளம் நான் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து கொஞ்ச தூரம்தான். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. முன்னே இவர்கள் சோழவரத்தில் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தினார்கள். 1990இல் இந்தத் தளம் வந்தது. 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். பந்தய நாளில் முதல் வளைவின் வேலியோரம் நின்று பார். நேர்ப்பாதையில் நெஞ்சை டேங்க்கோடு ஒட்டிப் படுத்து வருபவன், குறிப்பிட்ட இடத்தில் சட்டென்று நிமிர்கிறான். அப்போது நெஞ்சில் மோதும் காற்றும் ஒரு பிரேக். வலது கையின் இரண்டு விரல் மட்டும் லீவரில். முன் ஃபோர்க் அமுங்குகிறது, பின் டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் ஆடுகிறது. இடது கால் மூன்று கியரைத் தட்டி இறக்குகிறது. இடுப்பு சீட்டிலிருந்து பாதி நகர்கிறது, முழங்கால் விரிகிறது, அதில் கட்டிய பிளாஸ்டிக் தட்டு 'சர்ர்' என்று தாரில் உரசுகிறது. கண் மட்டும் வண்டி போகும் இடத்தில் இல்லை, வளைவு முடியும் இடத்தில் இருக்கிறது.

இதையெல்லாம்விட என்னை அசத்தியது ஒன்று உண்டு. அடுத்த சுற்றிலும் அவன் நிமிர்வது அதே இடத்தில். அதற்கடுத்த சுற்றிலும் அதே இடத்தில், ஒரு மீட்டர் முன்பின் இல்லை. தாரில் ஒரு கறை, வேலியில் ஒரு பலகை என்று ஏதோ ஒன்றை அடையாளமாக வைத்திருக்கிறான். வேகம் கூட்ட நினைத்தால் அந்த அடையாளத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளுகிறான், அவ்வளவுதான். தள்ளியது சரிப்படுகிறதா என்று பார்க்க, மறுபடி சுற்றுச் சுற்றாக அதே வேலை. நம் பையன்கள் ஆக்சிலரேட்டரை முறுக்குவதைத் திறமை என்று நினைக்கிறார்கள். அந்தத் தளத்தில் முறுக்கத் தெரியாத ஆளே கிடையாது. ஒருவனை இன்னொருவனிடமிருந்து பிரிப்பது பிரேக்கை எவ்வளவு நிதானமாக விடுகிறான் என்பதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், நம்பச் சிரமமாக இருக்கும். வேகத்தில் போகும் பைக்கை வலது பக்கம் திருப்ப, வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். தள்ளினால் வண்டி வலப்பக்கம் சாயும், சாய்ந்தால் திரும்பும். உடம்பைச் சாய்த்தால் போதும் என்று சொல்லும் பழைய ஓட்டுநர்கள் நிறைய உண்டு. அமெரிக்காவில் 1980இல் கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலைத் தொடங்கிய கீத் கோட் என்பவர், இதைக் காட்டவே ஒரு வண்டி செய்தார். திரும்பாத இன்னொரு ஹேண்டில்பாரைச் சட்டத்தோடு இறுக்கிப் பொருத்திய வண்டி. அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு சாய்ந்தாலும் வண்டி கொஞ்சம் ஒதுங்குமே தவிர ஒழுங்காகத் திரும்பாது. அந்தப் பள்ளி இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. இப்படி ஒரு பள்ளியில் படித்துவிட்டுப் பிறகு வேகத்தைத் தொடுவதுதான் முறை.

நம் ஆட்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்று கேட்பாய். சென்னைக்காரர் சரத்குமார் 2011இல் 125 சிசி உலகப் போட்டியில் இறங்கினார். உலக சாம்பியன்ஷிப் தளத்துக்குப் போன முதல் இந்தியர். 125 சிசி பிரிவுக்கு அதுவே கடைசி ஆண்டு, பட்டம் வாங்கியவர் நிகோ தெரோல் என்ற ஸ்பெயின்காரர். சரத்குமாரால் ஆண்டு முழுவதும் நீடிக்க முடியவில்லை. கத்தார் விளக்கொளியிலும் ஐரோப்பாவின் குளிரிலும் அவர் பக்கத்தில் நின்றவர்கள் பத்து வயதுக்கு முன்பிருந்தே ஓட்டியவர்கள், அந்தத் தளங்களில் உருண்டு புரண்டவர்கள். அவரோ அந்த வளைவுகளை அப்போதுதான் பார்க்கிறார். அப்படியும் போனார் பார், அதை நான் சாதனை என்றே சொல்வேன்.

ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் என்ற பெயர்களைத் தேடிப் படி. இருவரும் சென்னைக்காரர்கள், தேசியப் பட்டத்தைப் பல முறை வென்றவர்கள். ஜெகன் டிவிஎஸ் அணியில் வளர்ந்தவர். 2019இல் ஹோண்டாவின் இந்திய அணி ராஜீவ் சேது, செந்தில் குமார் என்ற இரண்டு தமிழ்ப் பையன்களை ஆசியச் சாலைப் பந்தயப் போட்டிக்கு அழைத்துப் போனது. அவர்களுக்குப் பின் கவின் குயின்டால் போனார். 2022இலிருந்து அந்த ஆசியப் போட்டியோடு சேர்த்து டிவிஎஸ் நிறுவனம் அப்பாச்சி வண்டிகளிலேயே தனிப்போட்டி நடத்துகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஓட்டுபவனின் திறமை மட்டும் வேறு. பணக்கார வீட்டுப் பிள்ளை விலையுயர்ந்த வண்டியால் முந்திவிட முடியாது. நம்மைப் போன்ற குடும்பத்துப் பையன் உள்ளே நுழைய இதைவிட நல்ல கதவு எனக்குத் தெரியவில்லை.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மோட்டோஜிபியில் நிரந்தர இடம் 22 பேருக்குத்தான், உலகம் முழுவதற்கும் சேர்த்து. கீழ்ப் படிகளில் இருப்பவர்களில் பலர் சம்பளம் வாங்குவதில்லை, ஸ்பான்சர் பிடித்துப் பணம் கட்டி ஓட்டுகிறார்கள். ஆனால் ஒவ்வொருவர் பின்னாலும் மெக்கானிக், டயர்க்காரர், வண்டியின் சென்சார் கணக்கைப் படிக்கும் இன்ஜினியர், சஸ்பென்ஷன் பார்ப்பவர், எலும்பு டாக்டர், பிசியோ என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்குச் சம்பளம் உண்டு. உனக்கு இன்ஜின் மேல் இருக்கும் காதலைப் பார்த்தால், அந்தக் கூட்டத்திலும் உனக்கு இடம் இருக்கும் என்று தோன்றுகிறது. ப்ளஸ் டூ கணக்கையும் இயற்பியலையும் விடாதே.

இனி எழுதப் போவது எனக்கு வலிக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். 2021இல் மட்டும் ஐரோப்பாவில் மூன்று இளைஞர்கள் தளத்தில் விழுந்து செத்தார்கள். மே மாதம் இத்தாலியின் முஜெல்லோவில் 19 வயது சுவிட்சர்லாந்துப் பையன். ஜூலையில் அரகோனில் 14 வயது ஹூகோ மிய்யான். செப்டம்பரில் ஹெரெஸில் 15 வயது டீன் பெர்த்தா விஞாலெஸ். சின்ன வண்டிப் பந்தயத்தில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேகம், ஒருவர் பின் ஒருவர் ஒட்டியே ஓடுவார்கள். விழுபவன் தாரில் சறுக்கி ஓரத்துச் சரளைக்குப் போய்விட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடுவான். பாதையின் நடுவிலேயே கிடந்தால், பின்னால் வருபவனுக்கு விலக நேரமே இருக்காது. அந்த மரணங்களுக்குப் பிறகு, 2023 முதல் உலகப் போட்டியில் இறங்கக் குறைந்தபட்ச வயது பொதுவாக 18 என்று மாற்றினார்கள். மார்க்கெஸ் பதினைந்தில் இறங்கிய கதவு இப்போது மூடியிருக்கிறது. நல்லதுதான். ஆகவே பதினாறு வயதாகிவிட்டதே, தாமதமாகிவிட்டதே என்று தவிக்காதே.

2023 ஆகஸ்ட் 5 அன்று இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் போட்டியில், பெங்களூரிலிருந்து வந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அன்றும் மறுநாளும் மிச்சமிருந்த பந்தயங்களை எல்லாம் ரத்து செய்தார்கள். ஆம்புலன்ஸ், டாக்டர், ஹெல்மெட், தோல் உடை எல்லாம் இருந்தும் அப்படி நடந்தது. எல்லாம் இருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், ஒன்றுமே இல்லாத இடத்தை நினைத்துப் பார்.

நத்தம் பறக்கும் பாலத்தைத்தான் சொல்கிறேன். தல்லாகுளத்தில் தொடங்கி 7.3 கிலோமீட்டர், 2023இல் திறந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் உன் நண்பர்கள் அங்கே போகிறார்கள் என்றும், நீயும் பின்சீட்டில் போயிருக்கிறாய் என்றும் அறிந்தேன். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 28 மீட்டர். எதிரில் வருபவனைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு நொடி போய்விடும். விழுந்தால் சறுக்கிப் போய் நிற்கச் சரளை இல்லை, கான்கிரீட் சுவர் இருக்கிறது. மஞ்சள் கொடி காட்ட ஆள் இல்லை. அந்தப் பக்கம் வீட்டுக்குப் போகும் பூக்காரம்மாவிடம் இங்கே பந்தயம் நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஆனையூரிலிருந்து அலங்காநல்லூர் எவ்வளவு பக்கம்! வாடிவாசலில் காளைக்கும் வீரனுக்கும் டாக்டர் பார்த்து, பெயர் பதிந்து, எண் போட்ட பனியன் கொடுத்து, இரட்டைத் தடுப்பு கட்டிய பிறகுதான் மாட்டை அவிழ்க்கிறார்கள். தெருவில் அவிழ்த்து விட்டுவிட்டு அதை ஜல்லிக்கட்டு என்று நம் ஊரில் யாராவது சொன்னால் விடுவாயா? இனி பாலத்துக்குப் போகாதே. மாமா இந்தக் கடிதத்தில் உன்னிடம் வேண்டிக் கேட்பது இது ஒன்றைத்தான்.

சட்டத்தையும் தெரிந்துகொள். பதினாறு வயதில் கியர் இல்லாத, 50 சிசிக்கு மேல் போகாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் கிடைக்கும். இன்று தெருவில் ஓடும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100கூட அந்த வரம்புக்குள் வராது. பதினெட்டு வயதாகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றமானால், 2019 திருத்தத்தின்படி, பெற்றோருக்கு மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், உனக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பந்தயத்துக்கு உரிமம் கேட்கப் போகும் பையனுக்கு இந்தக் கறை கூடவே கூடாது.

வேலி போட்ட தளத்தில் கதை வேறு. அங்கே எஃப்எம்எஸ்சிஐ என்ற தேசிய அமைப்பு தரும் போட்டி உரிமத்தின் கீழ் பதினெட்டு வயதாகாத பிள்ளைகளும் ஓட்டலாம். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும், பெற்றோர் சம்மதம் வேண்டும். ஹோண்டாவும் டிவிஎஸ்ஸும் புதுப் பையன்களுக்குத் தேர்வு வைக்கும் வழக்கம் உண்டு, அறிவிப்பைப் பார்த்தபடி இரு. அதுவரை சைக்கிளை எடு. ஆனையூர் கண்மாய்க் கரையில் காலையில் ஓடு. கழுத்துக்கும் முன்கைக்கும் தனியாகப் பயிற்சி செய். பிரேக் பிடித்துப் பிடித்து முன்கைத் தசை இறுகிப்போவது பந்தயக்காரர்களின் பொது நோய், அறுவை வரை போனவர்கள் உண்டு. சாயங்காலம் கூடல் நகரில் நல்ல மெக்கானிக் ஒருவரிடம் போய் நில். கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டு, செயினைக் கழுவு, பிரேக் பேடின் தேய்மானத்தை விரலால் பார்த்துப் பழகு. நியெத்தோ செய்ததும் அதைத்தான்.

அடுத்த பந்தய வாரத் தேதி தெரிந்ததும் சொல்கிறேன். வைகையில் டிக்கெட் போட்டுத் தாம்பரத்தில் இறங்குங்கள், நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். தனியாக வராதே, அக்காவை அழைத்து வா. முதல் வளைவில் கொடியோடு நிற்கும் மார்ஷல்களை அவளுக்குக் காட்ட வேண்டும், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று காட்ட வேண்டும். சம்மதக் கடிதத்தின் மாதிரி ஒன்றை வாங்கி வைக்கிறேன். அவள் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அது. ஒவ்வொரு வரியாகப் படித்து, கேட்க வேண்டியதை அங்கே இருப்பவர்களிடமே கேட்டுவிட்டு, அப்புறம் யோசித்துச் சொல்லட்டும். அவள் வேண்டாம் என்றால் பதினெட்டு வரை காத்திரு.

அன்புடன்,
மாமா